பக்கத்து வீட்டு ஆட்டுக்குச் சோறு வைக்கலாமா?



ஹஜ்ஜுப் பெருநாள் நெருங்கும் மாதங்களில் நம் தெருக்களில் ஆட்டுச் சத்தம் கூடிவிடும். கடைசி வாரத்து விலைக்குப் பயந்து முன்கூட்டியே கிடா வாங்கி வாசலில் கட்டி வளர்ப்பவர்கள் ஒரு பக்கம். வருடம் முழுக்க இரண்டு மூன்று வெள்ளாடுகளை வைத்துக்கொண்டு குட்டி விற்றுக் குடும்பம் நடத்துபவர்கள் இன்னொரு பக்கம். இவர்களில் கணவரை இழந்த சகோதரிகள் பலர். தமிழக அரசு 2011-ல் தொடங்கிய விலையில்லா ஆடுகள் திட்டத்தில் கிடைத்த நான்கு ஆடுகளைக் கொண்டு தொடங்கி, இன்றுவரை கொட்டில் காலியாகாமல் பார்த்துக்கொள்பவர்களும் உண்டு.

இந்த இரண்டு பக்கத்தாரும் டிரஸ்ட் அலுவலகத்தில் சொல்லும் ஒரு குறை ஒன்றுபோலவே இருக்கிறது. "பக்கத்து வீட்டுக்காரங்க ஆட்டுக்குச் சோறு வைக்கிறாங்க. வேண்டாம்னு சொன்னா மனசு கோணிடும். சொல்லாம விட்டா ஆடு போயிடும்."

கேட்பவருக்கு இது வேடிக்கையாகத் தோன்றலாம். ஆட்டை அடித்தார்கள், களவாடினார்கள் என்றால் புகார். சோறு வைத்தார்கள் என்பதும் ஒரு புகாரா? ஆனால் கால்நடை மருத்துவரிடம் இதைச் சொன்னால் அவர் சிரிக்க மாட்டார். கல்யாணத்துக்கு மறுநாள், கந்தூரிக்கு மறுநாள், பெருநாளுக்கு மறுநாள் வயிறு உப்பிய ஆட்டைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்களை அவர் நிறையப் பார்த்திருப்பார். இருபதாயிரம் ரூபாய் கொடுத்து வாங்கிய கிடா ஒரு தட்டு பிரியாணியில் போய்விடும் என்பது மிகைப்பேச்சு அல்ல. அது ஏன் என்று முதலில் பார்ப்போம். காரணம் தெரிந்தால்தான் பக்கத்து வீட்டாரிடம் விளக்கிச் சொல்ல முடியும். வெறுமனே "போடாதீங்க" என்றால் அது கஞ்சத்தனமாகவோ கோபமாகவோதான் அவர்கள் காதில் விழும்.

ஆட்டின் வயிறு நம் வயிறு அல்ல

ஆட்டுக்கு இரைப்பை நான்கு அறைகள் கொண்டது. முதல் அறைதான் பெரியது. வளர்ந்த ஆட்டில் பத்து லிட்டருக்கு மேல் கொள்ளும். அதை வயிறு என்பதைவிட ஊறல் தொட்டி என்று சொன்னால் பொருத்தமாக இருக்கும். ஆடு தின்ற தழையை ஆடு நேரடியாகச் செரிப்பதில்லை. அந்தத் தொட்டியில் வாழும் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள்தான் நாரை ஊறவைத்து, உடைத்து, ஆட்டுக்கு உணவாக மாற்றிக் கொடுக்கின்றன. ஆகவே ஆடு வளர்ப்பது என்றால் அந்த நுண்ணுயிர்களையும் சேர்த்து வளர்ப்பதுதான்.

தழை மெதுவாக ஊறும். ஆடு அதை மறுபடி வாய்க்குக் கொண்டுவந்து ஒரு நாளில் ஏழெட்டு மணி நேரம் அசை போடும். அசை போடும்போது சுரக்கும் உமிழ்நீரில் இயற்கையாகவே சோடா உப்பு இருக்கிறது. தொட்டியில் உண்டாகும் புளிப்பை அந்த உமிழ்நீர் மட்டுப்படுத்திவிடும். இப்படி, தழை, அசை, உமிழ்நீர் மூன்றும் சேர்ந்து ஒரு சமநிலை.

சோறு உள்ளே போனால் இந்தச் சமநிலை குலைகிறது. வெந்த சோற்றில் நார் இல்லை. அசை போட வேண்டிய தேவை இல்லாததால் உமிழ்நீரும் குறைந்துவிடும். மாவுச்சத்தோ மிக வேகமாகப் புளிக்கும். இட்லி மாவை இரவில் கரைத்து வைத்தால் காலையில் பாத்திரம் பொங்கி நிற்பதை நம் வீட்டுப் பெண்கள் தினமும் பார்க்கிறார்கள். அதே வேலை ஆட்டின் வயிற்றுக்குள் நடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். புளிக்க வைக்கும் கிருமிகள் பெருகி லாக்டிக் அமிலம் குவியும். வழக்கமாக 6-க்கும் 7-க்கும் நடுவில் இருக்கும் காரஅமில அளவு 5-க்கும் கீழே இறங்கிவிடும். நாரைச் செரிக்கும் நல்ல நுண்ணுயிர்கள் செத்துப்போகும். அந்த அமிலக் குவியல் உடம்பில் உள்ள தண்ணீரை எல்லாம் வயிற்றுக்குள் இழுத்துக்கொள்ளும். அதனால்தான் இந்த நோய் கண்ட ஆட்டின் கண் குழி விழுந்து, வயிறு மட்டும் தண்ணீர்ப் பைபோல் குலுங்கும். ஓரிரு நாளில் உயிர் போய்விடலாம்.

இதைத் தவிர துள்ளுமாரி என்று ஒரு நோய் உண்டு. குடலில் சாதாரணமாகவே கொஞ்சம் இருக்கும் ஒரு கிருமி, திடீரென்று மாவுச்சத்து மிகுதியாகக் கிடைத்தால் பெருகி நஞ்சைக் கக்கும். நேற்று மாலை துள்ளி விளையாடிய கொழுத்த குட்டி காலையில் செத்துக் கிடக்கும். "கண் பட்டுவிட்டது" என்று சொல்லப்படும் சாவுகளில் எத்தனை இந்த வகையோ, அல்லாஹ்தான் அறிவான். இதற்குத் தடுப்பூசி இருக்கிறது. அரசு கால்நடை மருந்தகத்தில் கேளுங்கள்.

பிழைத்துக்கொண்ட ஆடும் முழுசாகத் தப்பிவிட்டது என்று சொல்ல முடியாது. அமிலம் ஏறிய ஆட்டுக்குச் சில நாள் கழித்துக் குளம்பின் உட்பகுதி வீங்கி நொண்டத் தொடங்கலாம். குதிரை வளர்ப்பவர்களுக்கு இந்தக் குளம்பு நோய் நன்றாகவே தெரியும். குட்டைக் குதிரைகளை வேலி ஓரம் விட்டு வைத்திருப்பவர்கள், போவோர் வருவோர் ரொட்டி நீட்டுவதைக் கண்டு பதறுவது இதனால்தான். நமக்கு இதில் இன்னொரு கவலையும் சேர்ந்துகொள்கிறது. வெளிப்படையாக நொண்டும் ஆடு குர்பானிக்கு ஆகாது. வெளிப்படையாக நோயுற்றதும் ஆகாது. ஆறு மாதம் பார்த்துப் பார்த்து வளர்த்தது பெருநாள் காலையில் தகுதி இழந்து நிற்கும்.

ஒரு கைப்பிடியின் கணக்கு

"நான் ஒரு கைப்பிடிதானே வைத்தேன்" என்று எல்லோரும் சொல்வார்கள். உண்மையும் அதுதான். தெருவில் எட்டு வீடு. வீட்டுக்கு ஒரு கைப்பிடி, நூறு கிராம் என்று வைத்துக்கொண்டால் எண்ணூறு கிராம் சோறு. இருபத்தைந்து கிலோ எடையுள்ள ஓர் ஆட்டுக்கு ஒரு நாளைக்குத் தேவையான தீவனம், ஈரத்தைக் கழித்துவிட்டுப் பார்த்தால், ஏறக்குறைய ஒரு கிலோதான். அதைப் பச்சைத் தழையாகக் கொடுத்தால் மூன்று நான்கு கிலோ வரும். அடர்தீவனம் கொடுப்பவர்கள்கூட ஒரு நாளைக்கு இருநூறு, முந்நூறு கிராமோடு நிறுத்திக்கொள்வார்கள். அப்படி இருக்க, தழையே தின்று பழகிய வயிற்றில் ஒரே பகலில் எண்ணூறு கிராம் சோறு விழுந்தால் என்ன ஆகும்? எட்டுப் பேரில் யாரும் தவறு செய்ததாக நினைக்க மாட்டார்கள். ஒருவர் வைத்தது இன்னொருவருக்குத் தெரியாது. ஆட்டுக்காரருக்கோ எதுவுமே தெரியாது.

ஆடு கத்துகிறது, அதனால் பசி என்று நினைக்கிறார்கள். ஆடு கூட்டமாக வாழும் பிராணி. தனியாகக் கட்டிப் போட்டால் கத்தும். ஆள் நடமாட்டம் கண்டால் கத்தும். நேற்று சோறு வைத்த லாத்தாவின் வளையல் சத்தம் கேட்டால் இன்னும் பலமாகக் கத்தும். நீட்டியதைத் தின்பதாலும் அதற்குப் பசி என்று முடிவு கட்ட முடியாது. இனிப்புக்கு நம் பிள்ளைகள் எப்படியோ, சோற்றுக்கு ஆடு அப்படி.

பெரியவர்கள் சிலர் ஒரு மறுப்புச் சொல்வார்கள். "நாங்கள் அந்தக் காலத்தில் கழனித் தண்ணீரும் பழைய சோறும் வைத்துத்தானே வளர்த்தோம்? எந்த ஆடு செத்தது?" இதை அலட்சியமாகத் தள்ளிவிடக் கூடாது. அவர்கள் சொல்வதில் பாதி சரி. அந்தக் காலத்து ஆடு காலையில் அவிழ்த்துவிட்டால் அஸருக்குப் பிறகுதான் வீடு திரும்பும். பகல் முழுக்கக் காட்டில், கண்மாய்க் கரையில் மேய்ந்து வயிறு நிறைய நார் இருக்கும். அதன் மேல் கொஞ்சம் கழனித் தண்ணீர். அதுவும் குட்டியிலிருந்தே தினமும் ஒரே அளவு. வயிற்று நுண்ணுயிர்கள் புதிய தீவனத்துக்குப் பழகப் பத்துப் பதினைந்து நாள் வேண்டும். மெல்ல மெல்லப் பழக்கினால் தானியத்தையும் தாங்கும். இப்போது போர்டிகோ தூணில் கட்டிப் போட்டு, மேயவும் வழியில்லாமல், ஒரு நாள் ஒன்றுமில்லை, மறுநாள் கல்யாண வீட்டுச் சோறு என்றால் அந்த ஆட்டையும் இந்த ஆட்டையும் ஒப்பிட முடியாது.

இதே விதி ஆட்டுக்காரருக்கும் பொருந்தும். பெருநாளுக்குள் எடை ஏற வேண்டும் என்று மக்காச்சோளத்தையும் கோதுமையையும் ஒரே வாரத்தில் கூட்டிக்கொண்டு போகிறவர்கள் பக்கத்து வீட்டாரைக் குறை சொல்ல முடியாது. தானியம் மிஞ்சிய கிடாக்களுக்கு, குறிப்பாகக் காயடித்தவற்றுக்கு, மூத்திரக் குழாயில் கல் அடைக்கும். முக்கி முக்கி நின்று சொட்டுச் சொட்டாகப் போகும் ஆட்டை மலச்சிக்கல் என்று நினைத்து நாளைக் கடத்திவிடுகிறார்கள்.

சோறு மட்டும்தானா?

இல்லை. ரொட்டி, பிஸ்கட், பன், பரோட்டா, நோன்புக் கஞ்சியின் மிச்சம், வடித்த கஞ்சி, சிந்திய அரிசி, கோதுமை எல்லாம் ஒரே இனம்தான். பிரியாணி மிச்சத்தில் எண்ணெயும் மசாலாவும் இறைச்சித் துண்டும் எலும்பும் வேறு. தழை தின்னும் பிராணிக்கு இறைச்சி வைப்பது எந்த வகையிலும் சரியில்லை. வாழைப்பழத் தோல், காய்கறித் தோல் கொஞ்சம் என்றால் கெடுதல் இல்லை. ஆனால் அதைப் பாலித்தீன் பையோடு வீசுகிறார்கள். பை வயிற்றுக்குள் போனால் வெளியே வராது.

நல்லது என்று நினைத்துத் தழை ஒடித்துப் போடுபவர்களும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வாசலில் அழகுக்கு வளர்க்கும் அரளி கொடிய நஞ்சு. சில இலைகளே ஆட்டைக் கொன்றுவிடும். வெட்டிப் போட்டுக் காய்ந்த அரளியிலும் நஞ்சு அப்படியே இருக்கும். மரவள்ளி இலை, பூக்காத இளஞ்சோளப் பயிர் ஆகியவற்றிலும் ஆபத்து உண்டு. அகத்தி, வாகை, பூவரசு, ஆல், பலா, முருங்கை, கொஞ்சம் வேம்பு என்று நமக்குத் தெரிந்த தழைகளே போதும்.

எப்படிச் சொல்வது?

இதுதான் பலரும் கேட்பது. ஒரே சுவர், ஒரே முடுக்கு, நாளைக்கு நம் வீட்டு மௌத்துக்கு முதலில் ஓடி வரப்போவதும் அவர்களே. அண்டை வீட்டார் உரிமை பற்றி மார்க்கம் எவ்வளவு அழுத்திச் சொல்லியிருக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும். ஆகவே ஒரு ஆட்டுக்காக முகம் முறிய யாருக்கும் மனமில்லை.

அவர்கள் ஏன் வைக்கிறார்கள் என்பதை முதலில் நாம் புரிந்துகொள்ள வேண்டும். பூனையைக் கட்டிப் போட்டுப் பட்டினி போட்ட பெண்ணின் ஹதீஸை மதரஸாவில் கேட்டுத்தான் நாம் எல்லோரும் வளர்ந்தோம். தாகத்தில் தவித்த நாய்க்குக் கிணற்றில் இறங்கித் தண்ணீர் மொண்டு கொடுத்தவருக்கு மன்னிப்புக் கிடைத்த ஹதீஸும் தெரியும். இதோடு உணவை வீண் விரயம் செய்யக் கூடாது என்ற அச்சமும் சேர்கிறது. மிஞ்சிய சோற்றைச் சாக்கடையில் கொட்ட மனம் வராது. ஓர் உயிர் தின்னட்டும் என்று ஆட்டின் முன் வைக்கிறார்கள். நல்ல நிய்யத்துதான், அதில் சந்தேகமில்லை. ஆனால் அந்த நாய்க்குத் தேவைப்பட்டது தண்ணீர், அந்த மனிதர் கொடுத்ததும் தண்ணீர். இந்த ஒரு விஷயத்தைப் பொறுமையாக எடுத்துச் சொன்னால் பெரும்பாலானவர்கள் உடனே ஏற்றுக்கொள்கிறார்கள்.

சொல்வதை ஆடு வாங்கிக் கட்டிய அன்றே சொல்லிவிடுங்கள். யாரும் எதுவும் வைக்காத முதல் நாளில் சொல்வது தகவல். பத்தாவது நாள் சொன்னால் அது குற்றச்சாட்டு. நேரில் போய்ச் சொல்லுங்கள். பிள்ளைகளிடம் சொல்லி அனுப்பினால் பாதி மாறித்தான் போய்ச் சேரும். தெரு வாட்ஸ்அப் குழுவில் போட்டால் என்ன நடக்கிறது என்பதைப் பார்த்துவிட்டேன். சம்பந்தமில்லாத பத்துப் பேர் கட்டைவிரலை உயர்த்துவார்கள். சம்பந்தப்பட்ட ஒருவர் மட்டும் தன்னை ஊருக்கே காட்டிக்கொடுத்துவிட்டதாக நினைத்துப் பேச்சை நிறுத்திவிடுவார். வீட்டுக்குப் போய் ஒரு டீ குடித்துவிட்டுச் சொல்ல வேண்டிய விஷயம் அது.

"வைக்காதீங்க" என்பதோடு நிறுத்தாமல் "இதை வைங்க" என்று ஒன்றைக் கையில் கொடுத்துவிடுவது மிக நல்ல பலன் தருகிறது. நம் தெரு ஒன்றில் நடந்ததைச் சொல்கிறேன். பெயர் வேண்டாம். வயதான மாமி ஒருவர், பிள்ளைகள் எல்லாம் வெளிநாட்டில். எதிர்வீட்டுக் கிடா அவர் ஜன்னலுக்கு வந்து நிற்கும். அவர் தன் மதியச் சாப்பாட்டில் பாதியை அதற்குக் கொடுத்துவிடுவார். ஆட்டுக்காரத் தம்பி இரண்டு தடவை வயிறு உப்பி வைத்தியம் பார்த்துவிட்டார். மாமியிடம் போய் "வைக்காதீங்க" என்று சொல்ல அவருக்கு நாக்கு எழவில்லை. அந்த மாமிக்கு அந்த நாளில் பேச்சுத் துணை என்பதே அந்த ஆடுதான். கடைசியில் அவருடைய மனைவி ஒரு வழி செய்தார். தினமும் ளுஹருக்கு முன்னால் ஒரு கட்டு அகத்தித் தழையைக் கொண்டுபோய் மாமியின் ஜன்னல் கம்பியில் கட்டிவிட்டார். "மாமி, உங்க கையால குடுத்தாத்தான் இது நிம்மதியாத் திங்குது. சோறு இதுக்குச் சேரல, டாக்டர் சொல்லிட்டாரு. மத்தியானத் தழை உங்க பொறுப்பு." மாமி அதைத் தொழுகை நேரம்போல் தவறாமல் செய்கிறார் என்று கேள்வி. சோற்றைத் தாமே சாப்பிடுகிறார் என்பது கூடுதல் நன்மை.

பலகை எழுதி மாட்டுபவர்களுக்கும் இதையே சொல்வேன். "ஆட்டுக்கு உணவு கொடுக்காதீர்" என்ற பலகை குறுகிய தெருவில் ஓர் அவமதிப்பாகத்தான் படிக்கப்படும். அதற்குப் பதில் ஒரு கூடையில் தழையைத் தொங்கவிட்டு, "ஆட்டுக்குக் கொடுக்க விரும்புவோர் இதிலிருந்து கொடுங்கள். சோறு, ரொட்டி சேராது" என்று ஒரு அட்டையில் எழுதி வையுங்கள். கூடையில் நீங்கள் போட்டு வைப்பது அன்றைய அளவுதான் என்பதால் எத்தனை பேர் கொடுத்தாலும் கணக்கு மீறாது.

சிறுபிள்ளைகளைத் தடுக்க முடியாது. அவர்களுக்கும் ஒரு வேலை கொடுத்துவிடுவது நல்லது. வாளியில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்ப்பது பிள்ளைகளின் பொறுப்பு என்றால் அவர்கள் பிஸ்கட்டை மறந்துவிடுவார்கள். தண்ணீர் எவ்வளவு வைத்தாலும் ஆடு தேவையானதைத்தான் குடிக்கும்.

எவ்வளவு சொன்னாலும் கேட்காத ஒருவர் ஒவ்வொரு தெருவிலும் இருப்பார். அவரிடம் மூன்றாவது தடவை பேசிப் பயனில்லை. ஆட்டை இடம் மாற்றிக் கட்டுங்கள். கை எட்டாத தூரத்தில், கம்பி வலைக்கு உள்ளே, அல்லது கொல்லைப் பக்கம். இதைப் பலர் கடைசியில்தான் யோசிக்கிறார்கள். ஆட்டைப் பொது வழியில் கட்டிவிட்டு, வழியில் போகிறவர்கள் எல்லோரும் கட்டுப்பாடாக இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. தெருவில் கல்யாணம் என்றால் அன்று காலை முதல் மறுநாள் அஸர் வரை கண்டிப்பாக உள்ளே கட்டுங்கள். காலையிலேயே வைக்கோலோ கடலைக் கொடியோ வயிறு நிறையக் கொடுத்துவிட்டால், அவிழ்ந்து ஓடினாலும் குப்பைத் தொட்டிச் சோற்றைப் பெரிதாகத் தின்னாது.

கல்யாண வீட்டாருக்கும் ஒரு வார்த்தை. மிஞ்சிய சோறு கெடுவதற்கு முன் மனிதர்களுக்குப் போய்ச் சேர வேண்டும். பந்தி முடிந்து நான்கு மணி நேரம் கழித்துத் தெருமுனையில் கொட்டிவிட்டு, "ஆடு மாடு தின்னட்டும்" என்பது ஸதகா ஆகாது. இது என் கருத்து. கடுமையாகத் தோன்றினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தின்றுவிட்டது, இப்போது என்ன செய்வது?

இரவில் கொட்டிலை மூடும் முன் ஆட்டின் இடது விலாவை, கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்புக்கும் நடுவில் உள்ள பள்ளத்தைக் கையால் தொட்டுப் பாருங்கள். தினமும் தொட்டுப் பழகியிருந்தால் மாற்றம் உடனே தெரியும். நல்ல ஆட்டின் வயிறு அந்த இடத்தில் நிமிடத்துக்கு ஒன்றிரண்டு தடவை மெல்ல அசையும். அசைவு நின்றுபோதல், பள்ளம் மேடாகி முரசுபோல் இருத்தல், அசை போடாமை, பல்லைக் கடித்தல், போதை ஏறியதுபோல் தள்ளாடுதல், உருண்டைப் புழுக்கைக்குப் பதில் புளித்த வாடையுடன் கழிச்சல், படுத்தால் எழ மறுத்தல் இவற்றில் எது தெரிந்தாலும் காலை வரை காத்திருக்க வேண்டாம். சோறு தின்று பன்னிரண்டு மணி நேரத்திலிருந்து ஒன்றரை நாளுக்குள் இவை வெளிப்படும். எனவே, நிறையத் தின்றது உறுதி என்றால் அறிகுறிக்குக் காத்திராமல் அப்போதே மருத்துவரை அழைப்பதுதான் சரி.

1962 என்ற கட்டணமில்லா எண்ணில் கால்நடை மருத்துவ ஊர்தியைக் கூப்பிடலாம். என்ன தின்றது, எவ்வளவு, எத்தனை மணிக்கு, ஆட்டின் எடை எவ்வளவு என்ற நான்கையும் தயாராக வைத்திருங்கள். சோறு வைத்தவர் யார் என்று தெரிந்தால் அவரிடம் அளவைக் கேளுங்கள். அந்த நேரத்தில் சண்டைக்குப் போனால் அவர் உண்மையான அளவைச் சொல்ல மாட்டார். வைத்தியத்துக்குத் தேவையான தகவல் அதுதான்.

மருத்துவர் வரும் வரை தானியம், தவிடு, புண்ணாக்கு, கஞ்சி எதுவும் வேண்டாம். வைக்கோல் மட்டும் இருக்கட்டும். நிற்க முடிகிற ஆட்டை மெல்ல நடத்தலாம். சமையல் சோடா கரைத்து ஊற்றும் முறை உண்டு. ஆனால் அளவை மருத்துவரிடம் போனில் கேட்டுக்கொண்டுதான் ஊற்ற வேண்டும். ஊற்றும்போது ஆட்டின் தலையை அண்ணாந்து பிடிக்காதீர்கள். கன்னத்து ஓரமாகக் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். படுத்துக் கிடக்கும் ஆட்டுக்கு வாயில் எதையும் ஊற்றக் கூடாது. எண்ணெயும் கஷாயமும் நுரையீரலுக்குள் போய், வயிற்று நோயில் பிழைக்க வேண்டிய ஆடு அதனால் செத்துவிடுகிறது.

ஆடு இறந்துவிட்டால் சோறு வைத்தவர் நஷ்டஈடு தர வேண்டுமா என்ற கேள்வியும் வருகிறது. பிறர் பொருளுக்குத் தெரியாமல் சேதம் விளைவித்தாலும் பொறுப்பு உண்டு என்பது ஃபிக்ஹில் பொதுவான விதி. ஆனால் எட்டு வீடுகளில் எந்தக் கைப்பிடி ஆட்டைக் கொன்றது என்று யார் நிரூபிப்பது? ஆட்டுக்காரர் பொது வழியில் கட்டியிருந்தாரா, முன்பே தடுத்துச் சொல்லியிருந்தாரா என்பதெல்லாம் கேட்கப்படும். குர்பானிக்கு என்று குறித்து வைத்த ஆடு முன்பே இறந்தால் வேறு ஆடு கொடுக்க வேண்டுமா என்பதும் அது நேர்ச்சையா, இல்லையா என்பதையும் மத்ஹபையும் பொறுத்து மாறும். இவற்றைத் தெருவில் நின்று வாதாடாமல் பள்ளிவாசல் ஹழ்ரத்திடம் கொண்டுபோங்கள். தானாகச் செத்த ஆடு ஹலால் இல்லை என்பதில் மட்டும் யாருக்கும் கருத்து வேறுபாடு கிடையாது. சாகப் போகிறதே என்று அவசரமாக அறுத்து விற்பவர்களும், ஊசி போட்ட ஆட்டின் இறைச்சியை எத்தனை நாள் கழித்து உண்ணலாம் என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளாதவர்களும் வாங்குகிறவர்களின் உடல்நலத்தோடு விளையாடுகிறார்கள்.

மழைக்காலத்துக்கு முன் மின்வாரியத்தார் கம்பியில் படும் கிளைகளை வெட்டிப் போடுவார்கள். வாகையும் பூவரசும் அப்படியே குப்பை வண்டியில் போகின்றன. ஆடு வைத்திருப்பவர்கள் அன்று காலை கயிறும் சாக்கும் எடுத்துக்கொண்டு போனால் மூன்று நான்கு நாள் தீவனம் செலவில்லாமல் கிடைக்கும். நடுவே அரளிக் கிளை கலந்திருக்கிறதா என்று பிரித்துப் பார்த்துவிட்டுக் கட்டுங்கள்.